செட்டிநாட்டில் வெள்ளிக்காசு வாங்கப் போகிறீர்களா? போலியைக் கண்டுபிடிக்கும் வழி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மரத்தூண், எனாமல் சட்டி, கதவு நிலை என்று எல்லாவற்றுக்கும் நடுவில் எங்கேயாவது ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதில் விக்டோரியா ரூபாய், சிங்கப்பூர் டாலர், சைகோன் பியாஸ்டர், பர்மா மயில் ரூபாய் எல்லாம் கலந்து கிடக்கும். வேறு ஊரில் இந்தக் கலவையைப் பார்த்தால் சந்தேகம் வரும். இங்கே வராது. இந்த ஊர்க்காரர்கள் உண்மையிலேயே ரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் கொண்டுவிற்றவர்கள், அதாவது தொழில் செய்தவர்கள். "ஆச்சி வீட்டுப் பெட்டகத்தில இருந்து வந்தது" என்று கடைக்காரர் சொன்னால், அது நடந்திருக்கக்கூடிய கதைதான். போலிக்காசு இங்கே சுலபமாக விற்பதற்கும் அதுவே காரணம்.

நான் சேகரிக்க ஆரம்பித்தபோது எனக்குக் கிடைத்த யோசனைகள் ஆளுக்கு ஒன்று. ஒருவர் சுண்டிப் பார்க்கச் சொன்னார். இன்னொருவர் ஐஸ்கட்டி வைத்துப் பார்க்கச் சொன்னார். நகைக்கடையில் கொடுத்தால் "வெள்ளிதான் சார்" என்று திருப்பித் தந்தார்கள். ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருந்தது. இதையெல்லாம் எந்த வரிசையில், எதற்காகச் செய்வது என்று தெரிந்துகொள்ளத்தான் ரொம்ப அலைய வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். "இது வெள்ளியா?" என்பது ஒரு கேள்வி. "இது அந்த ஆண்டில் நாணயச்சாலையில் அடித்த காசா?" என்பது வேறு கேள்வி. மலிவான போலிகள் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். விலை உயர்ந்த போலிகளை நல்ல வெள்ளியிலேயே செய்கிறார்கள். அவற்றிடம் காந்தமும் தண்ணீர்ச் சோதனையும் நகைக்கடை எக்ஸ்ரே மெஷினும் தோற்றுப்போகும்.

1. கிளம்பும் முன் பையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு, டிஜிட்டல் காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்ன நியோடிமியம் காந்தம். சாதாரண தரத்தில் வாங்கினால் எல்லாம் சேர்த்து ஓரிரண்டு ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். காசு வாங்குவதற்கு முன் இதற்குச் செலவு செய்யுங்கள். தராசோடு சரிபார்ப்பு எடைக்கல் வரும் மாடலாகப் பாருங்கள். மலிவுத் தராசு வெயிலிலும் காற்றிலும் எண்ணை மாற்றிக் காட்டும்.

ஐந்தாவதாக ஒரு பொருள், அதுதான் முக்கியம்: சந்தேகமே இல்லாத ஓர் அசல் காசு. 1916 முதல் 1920 வரையிலான ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஏராளமாக அடிக்கப்பட்டது. கொஞ்சம் தேய்ந்த ஒன்று, வெள்ளி விலைக்கு மேல் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் கிடைக்கும். நம்பிக்கையான மூத்த சேகரிப்பாளர் யாரிடமாவது வாங்கி, எப்போதும் பையிலேயே வைத்திருங்கள். அதன் எடை, கனம், விளிம்பு, ஓசை எல்லாம் கைக்குப் பழகட்டும். படம் பார்த்துப் படிப்பதைவிட இது வேகமாகச் சொல்லித் தரும்.

2. எடையை மனப்பாடம் செய்யுங்கள்

1835 முதல் 1939 வரையிலான பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி. விட்டம் ஏறத்தாழ 30.5 மில்லிமீட்டர். அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92, வெள்ளி இரண்டணா 1.46 கிராம்.

1940 முதல் 1945 வரையிலான ஆறாம் ஜார்ஜ் ரூபாயும் அதே 11.66 கிராம்தான். ஆனால் வெள்ளி 50 சதவீதம்தான். போர்க்காலத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். இதைப் போலி என்று நினைத்து ஒதுக்குகிறவர்களும் உண்டு, பழைய ரூபாயின் விலை கொடுத்து ஏமாறுகிறவர்களும் உண்டு. 1947 ரூபாய், பின்பக்கம் புலி இருக்குமே, அது நிக்கல். காந்தத்தில் ஒட்டும். அசல் காசுதான், ஆனால் வெள்ளிப் பெட்டியில் அதற்கு இடமில்லை.

கடல் கடந்து வந்தவற்றில் பிரிட்டிஷ் டிரேடு டாலர் (கிழக்காசிய வணிகத்துக்காக அடித்த காசு) 26.95 கிராம், 90 சதவீதம். பிரெஞ்சு இந்தோசீனா பியாஸ்டர் (சைகோன் பியாஸ்டர்), 1895க்குப் பிறகு 1928 வரை வந்தது, 27 கிராம், அதுவும் 90 சதவீதம். ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் டாலரில், அதாவது அந்தக் கால சிங்கப்பூர், பினாங்கு டாலரில், கவனம் தேவை. அது மூன்று அளவில் வந்தது: 1903-04இல் 26.95 கிராம், 1907-09இல் 20.21 கிராம், 1919க்குப் பிறகு 16.85 கிராம். கடைசியில் வந்ததில் வெள்ளி பாதிதான். ஆண்டு ஒன்றாகவும் எடை இன்னொன்றாகவும் இருந்தால் அங்கேயே விட்டுவிடலாம்.

காந்தி படம் போட்ட பத்து ரூபாய் 15 கிராம், 80 சதவீதம் வெள்ளி. அதில் 1869-1948 என்று இருக்கும். அது காந்தியின் வாழ்நாள். காசு வந்தது 1969இல், நூற்றாண்டு நினைவாக. "1869ஆம் வருஷக் காசு" என்று விலை சொல்கிறவர்களைப் பார்த்தால் சிரிக்காமல் நகர்ந்துவிடுங்கள்.

3. கடையில் முதல் ஐந்து நிமிடம்

பகல் வெளிச்சத்தில் போங்கள். குழல்விளக்கின் கீழே முலாமும் வெள்ளியும் ஒன்றாகத்தான் தெரியும். கடைக்காரர் கதை சொல்ல ஆரம்பிக்கும் முன்பே, "அண்ணே, ஒரு தடவை எடை பார்த்துக்கிறேன்" என்று கேட்டு, தராசை எடுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். எடை பார்க்க விடாத கடையில் நான் எதுவும் வாங்குவதில்லை.

தேய்ந்த ரூபாய் 11.4, 11.5 என்று காட்டலாம். அது இயல்பு. தலைமுடி இழை இழையாகத் தெரிகிற தேயாத காசு 11.2 காட்டினால் சந்தேகப்படுங்கள். 11.8க்கு மேல் போனாலும் அப்படித்தான். தேய்மானத்தால் காசின் எடை கூடாது.

அடுத்தது காந்தம். ஒட்டினால் வெள்ளி இல்லை, அவ்வளவுதான். ஒட்டாததால் வெள்ளி என்று ஆகிவிடாது. செம்பு, பித்தளை, ஈயம், ஜெர்மன் சில்வர் (வெள்ளியே இல்லாத செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவை) எதுவும் ஒட்டாது. காசைச் சாய்த்துப் பிடித்து அதன் மேல் காந்தத்தை நழுவ விட்டால், வெள்ளியில் அது தயங்கித் தயங்கி இறங்கும். பெரிய டாலர்களில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். கால் ரூபாயில் பார்க்க முயல வேண்டாம்.

பிறகு காலிப்பர். போலி செய்கிறவர் வெள்ளியைவிட இலேசான உலோகத்தில் எடையையும் விட்டத்தையும் சரியாகக் கொண்டுவர வேண்டுமானால், கனத்தைக் கூட்டத்தான் வேண்டும். செம்பு-நிக்கல் கலவையில் செய்தால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கனம் கூடும். உங்கள் அசல் காசைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் அளந்து பாருங்கள். எடை, விட்டம், கனம் மூன்றும் ஒன்றாகப் பொருந்தும்படி மலிவு உலோகத்தில் செய்வது கடினம்.

ஓசை பார்ப்பது பழைய வழக்கம். தரையில் போட வேண்டாம், விளிம்பு நசுங்கினால் கடைக்காரர் விலை கேட்பார். விரல்நுனியில் காசை நிறுத்தி, இன்னொரு காசால் இலேசாகத் தட்டினால் போதும். அசல் நீளமாகக் கணீரென்று ஒலிக்கும், உலோகத்தை ஊற்றி வார்த்த போலி 'டொக்' என்று நின்றுவிடும். ஆனால் உள்விரிசல் விட்ட அசல் காசும் 'டொக்' என்றுதான் சொல்லும். காசுமாலை, பதக்கம் என்று நகையில் வளையம் பற்றவைத்திருந்த காசும் அப்படியே. இப்படிப்பட்ட காசில் விளிம்பின் மேல்பக்கம் பற்றவைத்த தடம் தேடுங்கள். காசு அசலாக இருந்தாலும் அந்தத் தடம் விலையை வெகுவாகக் குறைக்கும்.

4. தலையும் ஆண்டும் ஒத்துப்போகிறதா?

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். போலி செய்கிறவர்களில் பலர் ஒரு காசின் முன்பக்கத்தையும் வேறு காசின் பின்பக்கத்தையும் சேர்த்துவிடுகிறார்கள். கீழே உள்ளதை ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்தால், கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றபடியே சிலவற்றைக் கழித்துவிடலாம்.

நான்காம் வில்லியம் ரூபாயில் ஆண்டு 1835 மட்டும்தான். 1840 விக்டோரியாவுக்குக் கிரீடம் இல்லை, கூந்தல் கட்டிய தலை. 1862இலிருந்துதான் கிரீடம் வைத்த விக்டோரியா. பெயருடன் 'குயீன்' என்று இருந்தால் 1876 வரை, 'எம்ப்ரஸ்' என்று இருந்தால் 1877 முதல். 1862 என்று ஆண்டு போட்டு 'எம்ப்ரஸ்' என்று எழுதியிருந்தால் வேறு சோதனையே தேவையில்லை. இன்னொன்று: 1862 என்ற அதே ஆண்டை வைத்துப் பல வருடங்கள் அடித்தார்கள், அதனால் அது அரிய காசு இல்லை. "1862, ரொம்ப ரேர்" என்பது விற்பனைப் பேச்சு.

ஏழாம் எட்வர்டு ரூபாய் 1903 முதல் 1910 வரை, தலையில் கிரீடம் கிடையாது. ஐந்தாம் ஜார்ஜ் 1911 முதல் 1922 வரை, அப்புறம் 1936. நடுவில் 1923 முதல் 1935 வரை ரூபாய் வெள்ளிக்காசு அடிக்கப்படவில்லை. எட்டாம் எட்வர்டு படத்தோடு இந்தியக் காசே கிடையாது. ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் 1938 முதல் 1945 வரை.

அதிக விலைக்குப் போவதால் அதிகம் போலி செய்யப்படும் இரண்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று 1911 ரூபாய். அரசரின் மேலங்கியில் இருக்கும் யானை, தும்பிக்கை குட்டையாகி, பார்ப்பதற்குப் பன்றி போல் அமைந்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் காசைத் திரும்பப் பெற்று, பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். 1912 முதல் யானையைத் திருத்தி அடித்தார்கள். இதனால் 1912ஐ 1911 ஆக்குவது ஒரு தொழிலாகிவிட்டது. நீங்கள் ஆண்டைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், லென்ஸை யானை மேல் வையுங்கள். 1911 என்று ஆண்டு இருந்து, யானை நீண்ட தும்பிக்கையோடு லட்சணமாக நின்றால், ஆண்டு திருத்தப்பட்டது.

இரண்டு 1939 ரூபாய். மிக அரிது. 1938இன் கடைசி 8ஐச் செதுக்கி 9 ஆக்குவார்கள், அல்லது வெள்ளியிலேயே புதிதாக அச்சடிப்பார்கள். 9ஐச் சுற்றியுள்ள தளம் மற்ற மூன்று எண்களைச் சுற்றியுள்ளதைப் போல இருக்கிறதா, அங்கே மட்டும் வழுவழுப்போ சுரண்டலோ தெரிகிறதா என்று பாருங்கள். அதோடு விளிம்பையும் பாருங்கள். 50 சதவீத ரூபாய்களில் பெரும்பாலும் விளிம்பு வரிகளுக்கு நடுவே பள்ளமும் அதற்குள் நுண்ணிய வேலைப்பாடும் ஓடும். 1939இல் அது இருக்கக் கூடாது. என் கருத்தைக் கேட்டால், புதிதாகச் சேகரிப்பவர் இந்த ஆண்டைத் தொடவே வேண்டாம். கடையில் சில்லறையோடு கலந்து கிடக்கும் 1939 அசலாக இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ ஒருபக்கமும் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி', 1616, 1717, 1818 என்பதெல்லாம் மறுபக்கமும் உள்ள காசுகளும் வரும். கம்பெனி அப்படிக் காசு அடிக்கவில்லை. அவை பக்திக்காகவும் விற்பனைக்காகவும் பின்னாளில் செய்த வில்லைகள், பூஜையறையில் வைக்கலாம். பக்கத்துப் புதுக்கோட்டையின் அம்மன் காசு செம்பு. பளபளவென்று வெள்ளை நிறத்தில் நீட்டினால் முலாம் பூசியிருக்கிறார்கள் என்று பொருள்.

5. லென்ஸில்: வார்ப்பா, அடிப்பா?

நாணயச்சாலைக் காசு அச்சால் அடிக்கப்பட்டது. மலிவுப் போலி உருக்கிய உலோகத்தை ஊற்றி வார்த்தது. ஊற்றியதில் காற்றுக்குமிழ் நின்ற சின்னக் குழிகள் தெரியும், எழுத்தோரங்கள் மழுங்கி இருக்கும். எழுத்து தளத்தோடு சேரும் அடிப்பகுதியைப் பாருங்கள். அடித்த காசில் அந்த மூலை கூர்மையாக இருக்கும். தேய்ந்த காசிலும் எழுத்தின் மேல்பகுதிதான் தேயும், அடிமூலை தேயாது. தேய்மானத்தையும் வார்ப்பு மழுக்கத்தையும் பிரித்தறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

விளிம்பில் சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடினால், இரண்டு அரைக்காசுகளை ஒட்டியிருக்கலாம், அல்லது வார்ப்பு அச்சின் இணைப்பாக இருக்கலாம். விளிம்பு வரிகளின் அகலமும் இடைவெளியும் சீராக இருக்க வேண்டும். அரமிட்டு இழைத்த போலியில் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் அகலமாகவும் இருக்கும்.

மேடான இடங்களில், அதாவது கன்னம், கிரீட நுனி, தாடி ஆகியவற்றில், சிவப்போ மஞ்சளோ எட்டிப் பார்த்தால் முலாம் தேய்ந்திருக்கிறது. ஒரே கடையில் ஒரே ஆண்டுக் காசு நாலைந்து இருந்தால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே கீறல் இருந்தால், எல்லாம் ஒரே தாயிலிருந்து எடுத்த பிள்ளைகள்.

நாணயச்சாலைக் குறியையும் தேடுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பின்பக்கத்தின் அடியில் உள்ள தாமரைக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. டிரேடு டாலரில் திரிசூலத்தின் நடு முனையில் சின்ன 'பி' இருந்தால் பம்பாய். டிரேடு டாலரில் போலி மிக அதிகம் என்பதால், எடை 26.95ஐ ஒட்டி வராவிட்டால் குறியைத் தேடி நேரம் போக்க வேண்டாம்.

6. வீட்டில் தண்ணீர்ச் சோதனை

முன்பணம் கொடுத்தோ, திருப்பித் தரலாம் என்ற பேச்சிலோ காசை எடுத்துவந்தால் இதைச் செய்யுங்கள். செலவு இல்லை, பத்து நிமிட வேலை.

காசை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சின்ன பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக் கூடாது, காற்றுக்குமிழ் ஒட்டியிருக்கக் கூடாது. அப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி வரும்.

91.7 சதவீத ரூபாயின் அடர்த்தி 10.3 அளவில் வர வேண்டும். அதாவது 11.66 கிராம் காசுக்குத் தராசு ஏறத்தாழ 1.13 காட்டும். 50 சதவீத ரூபாய்க்கு 1.22, அடர்த்தி 9.5. செம்பு-நிக்கல் என்றால் 1.31 வரும், ஜெர்மன் சில்வர் இன்னும் கூடும். டிரேடு டாலருக்கு 2.61 அளவில். ஈயம் கலந்தால் எண் 1.13க்குக் கீழே இறங்கும். கால் ரூபாய்க்கும் இரண்டணாவுக்கும் இந்தத் தராசு போதாது. 0.01 பிசகினாலே விடை மாறிவிடும்.

7. நகைக்கடை மெஷினும் அதன் எல்லையும்

காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களில் நகைக்கடைகளிலும் டச் (உலோகத்தின் தூய்மை) பார்க்கும் கடைகளிலும் எக்ஸ்ரே மெஷினில் வைத்துப் பார்க்கலாம். காசில் கீறல் விழாது, சில நிமிடத்தில் முடியும், கட்டணமும் பெரிதாக இருக்காது. முகூர்த்த நாட்களையும் அட்சய திருதியையையும் தவிர்த்துவிட்டு, கூட்டமில்லாத காலை நேரத்தில் போங்கள். முடிவை அச்சிட்ட சீட்டாகக் கேளுங்கள், காசின் எடையையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

மெஷின் பார்ப்பது மேற்பரப்பை. கெட்டியான வெள்ளி முலாம் அதை ஏமாற்றும். அதனால் மெஷினும் தண்ணீரும் இரண்டும் ஒத்துப்போனால்தான் உலோகம் சரி. அப்போதும் பதில் கிடைத்தது முதல் கேள்விக்கு மட்டும். நகைக்கடைக்காரர் "சுத்த வெள்ளி, 99" என்று பெருமையாகச் சொன்னால் மகிழ வேண்டாம். 1918 ரூபாயில் 99 வர வழியே இல்லை, 91.7க்கு அருகில்தான் வர வேண்டும். தூய்மை கூடியிருப்பதே போலிக்கு அடையாளம்.

8. செய்யக் கூடாதவை

பத்தரிடம் கொடுத்து உரைகல்லில் உரசச் சொல்லாதீர்கள், திராவகம் வைக்க விடாதீர்கள். அசலாக இருந்தாலும் அந்தத் தழும்பு போகாது. திருநீறு, புளி, பற்பசை எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு அது சரி, காசுக்கு ஆகாது. கறுத்த காசுதான் சேகரிப்பாளரிடம் விலை போகும். ஐஸ்கட்டி வைத்துப் பார்ப்பதில் பயன் குறைவு, ஏனென்றால் செம்பிலும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் உருகும்.

9. விலையும் பில்லும்

போகும் அன்று காலை வெள்ளி விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 91.7 சதவீத ரூபாயில் இருக்கும் சுத்த வெள்ளி 10.69 கிராம். 50 சதவீத ரூபாயில் 5.83, டிரேடு டாலரிலும் பியாஸ்டரிலும் 24.3 அளவில், காந்தி பத்து ரூபாயில் 12 கிராம். இதை அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் உலோக மதிப்பு. அதற்குக் கீழே யாராவது விலை சொன்னால், நமக்கு யோகம் என்று நினைக்காமல் ஏன் என்று யோசியுங்கள். உருக்கினாலே அதிகம் கிடைக்கும் பொருளைத் தெரிந்த வியாபாரி குறைத்து விற்கமாட்டார்.

பில்லில் 'பழைய காசு 1' என்று எழுதி வாங்காதீர்கள். அரசர் பெயர், ஆண்டு, மதிப்பு, எடை, 'அசல் வெள்ளி நாணயம்', 'போலி என்று தெரிந்தால் இத்தனை நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்' ஆகியவை இருக்க வேண்டும். பில் இல்லை என்றால் குறைந்தபட்சம் வெள்ளைத் தாளில் கையெழுத்து, பணம் யுபிஐயில். கடையிலேயே காசின் இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் போட்டோ எடுங்கள். பின்னால் "நான் கொடுத்த காசு இது இல்லையே" என்ற பேச்சு வராது.

பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, தரச்சான்று எண்ணுடன் வரும் காசுகளும் உண்டு. பெட்டியையும் போலியாகச் செய்கிறார்கள். அந்த எண்ணைச் சான்றளித்த நிறுவனத்தின் இணையதளத்தில் தட்டி, அங்கே உள்ள படத்தையும் கையில் உள்ள காசையும் கீறல் கீறலாக ஒப்பிடுங்கள். பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் வரியும் கமிஷனும் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பெயரில் அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியே 2021இல் இதை எச்சரித்து அறிக்கை விட்டிருக்கிறது.

10. சட்டம்: இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்ளலாம்

"பழைய வளவு இடிக்கும்போது சுவருக்குள்ள இருந்து கிடைச்சது" என்பது இங்கே அடிக்கடி கேட்கும் கதை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணிலோ கட்டடத்திலோ மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே கதை உண்மையானால் விற்பவருக்குச் சட்டச் சிக்கல், பொய்யானால் காசே சிக்கல். இரண்டில் எதுவானாலும் வாங்காதீர்கள்.

மற்றது, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்து ஊருக்கு வந்து போகிறவர்களுக்கு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 1920ஆம் ஆண்டு ரூபாயும் இப்போது அந்தக் கணக்கில் வந்துவிட்டது. தொல்பொருள் வணிகம் செய்யக் கடைக்கும் உரிமம் வேண்டும், இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நூறு ஆண்டு ஆகாத காசு என்றாலும் சுங்க அதிகாரிக்குப் பார்த்தவுடன் தெரியாது. தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்குங்கள். விண்ணப்பத்தோடு காசின் படம், எடை, ஆண்டு, வாங்கிய பில் எல்லாம் தயாராக வையுங்கள். விமானச் சீட்டுப் போட்டபின் இந்த வேலையை ஆரம்பித்தால் நேரம் போதாது. சான்று கைக்கு வராவிட்டால், காசை ஊரில் உறவினர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.